பக்கவாட்டில் ஓர் எறும்பு

கண் டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். குழந்தையின் இடது கண் சோம்பலாக இருக்கிறது. வலது கண்ணைப் பட்டை ஒட்டி மூடி, இடது கண்ணை வேலை செய்யவைக்க வேண்டும். ஆறு வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் வலது கண்ணில் சொட்டு மருந்து விட்டு அதை மங்கவைக்க வேண்டியிருக்கும்.

மகள் மூன்றாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு ஆறு வயது. வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். அன்று பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டபோது அவளை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் நர்ஸ். இன்னொருவர் அப்பா. நர்ஸை அவள் அறையை விட்டு வெளியே வருவதற்குள் மன்னித்துவிட்டாள்.

லிஃப்டில் இறங்கும்போது அப்பாவிடம் கேட்டாள்.

“நல்லாத் தெரியற கண்ண எதுக்குக் கெடுக்கணும்?”

“இன்னொண்ணு முழிச்சுக்கணும்ல.”

“அது முழிச்சுதான் இருக்கு. நீ பாரு.”

அவன் குனிந்து பார்த்தான். இரண்டு கண்ணும் முழித்துத்தான் இருந்தன. சொட்டு மருந்து வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் அது தன் கையில் இல்லை என்பது உறைத்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கீழே கதவு திறந்தபோது லிஃப்ட் தரைமட்டத்துக்கு ஒரு விரல் மேலே நின்றிருந்தது. வேறு கம்பெனியின் லிஃப்ட். மகளைத் தூக்கி இறக்கிவிட்டான்.

தினமும் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அரை மணி நேரப் பயிற்சி. சின்னதாக, மெதுவாக நகரும் ஒன்றை இடது கண்ணால் தொடர வேண்டும். தலை அசையக் கூடாது. பென்சில் முனை போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பட்டை ஒட்டுவதும் உரிப்பதும் மனைவி. அவள் பியூட்டி பார்லரில் வேலை செய்பவள். வெந்நீரில் நனைத்த பஞ்சை ஓரத்தில் ஒற்றி ஒற்றி, புருவத்தில் ஒரு முடிகூடக் கையோடு வராமல் எடுத்துவிடுவாள். பென்சில் பிடிப்பது அவன்.

பத்து நிமிடத்தில் கை கடுத்தது. மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவனுக்குப் பென்சில் கனத்தது. முனை தாழ்ந்து தாழ்ந்து மகளின் மூக்கில் வந்து நின்றது. பதினைந்தாவது நிமிடத்தில் போன் வரும். யாரோ எங்கோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். பென்சிலை மேசையில் போட்டுவிட்டு அவன் ஓடுவான். மகள் பட்டையின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்ப்பாள்.

“பட்டாணி, திருட்டுப் பார்வை பாக்காத.”

“பாக்கலம்மா. உள்ள வேர்க்குது. காத்து வாங்கறேன்.”

ஒரு வாரம் இப்படியே போனது.

அவனுக்கு ஒரு தங்கை உண்டு. ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். அவள் புதிது வாங்கியபோது கொடுத்த பழைய கம்ப்யூட்டர், துணி போர்த்தியபடி அவன் வீட்டு மூலையில் இருந்தது. போனில் அவளிடம் விஷயத்தைச் சொன்னான். ஸ்க்ரீனில் ஏதாவது ஒன்று மெதுவாக நகர வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்ன, ஒரு மதியத்தில் எழுதி அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம், சொல்லிக்கொடு என்றான். திறந்து பார்க்க முடியாத எதையும் அவன் ஓட்டியதில்லை.

“அண்ணா, டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தச் சொன்னா மொத்தமாக் கழட்டின ஆள் நீ.”

“திருப்பி மாட்டவும் செஞ்சேன்ல.”

“ரெண்டு ஸ்க்ரூ மிச்சம் வச்சு.”

ஆனாலும் சொல்லிக்கொடுத்தாள்.

முதலில் ஸ்க்ரீனில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. அதற்கு ஃபார்ம் என்று பெயர். அதன்மேல் ஒரு படத்தை வைக்கலாம். படம் மேல் விளிம்பிலிருந்து எத்தனை புள்ளி தள்ளி இருக்கிறது என்பதற்கு ஓர் எண். எண்ணைக் குறைத்தால் படம் மேலே போகும். கூட்டினால் கீழே வரும். இது அவனுக்கு உடனே பிடிபட்டது.

பிடிபடாதது அடுத்தது. எண்ணை நூறு முறை குறைக்கும்படி எழுதி ஓடவிட்டான். படம் நகரவில்லை. கீழே இருந்தது, உடனே மேலே இருந்தது. நடுவில் பயணம் என்று ஒன்றைக் காணவில்லை.

அது நூறு அடியையும் நடந்துதான் போனது, உனக்குக் காட்ட அதற்கு நேரமில்லை என்றாள் தங்கை. டைமர் ஒன்றைப் போடச் சொன்னாள். அது நொடிக்குப் பத்து முறை தட்டும். ஒரு தட்டுக்கு ஓர் அடி. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கம்ப்யூட்டருக்குப் படத்தை வரைய நேரம் கிடைக்கும்.

“அப்ப நிஜத்துல அது ஓடல.”

“ஓடல. நின்னு நின்னுதான் போகுது. உன் கண்ணுதான் அதைச் சேர்த்து ஓட்டமாக்கிக்குது.”

 கண்ணுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

எது நகர வேண்டும் என்பதை மகள் முடிவு செய்தாள். எறும்பு. அவளால் வரைய முடிந்தது அதுதான். மூன்று உருண்டை, ஆறு கோடு. அவன் அதைப் போனில் படம் எடுத்து ஃபார்மில் வைத்தான். டைமர் தட்டியது. எறும்பு மேலே போனது. மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

“இது நடக்கல. யாரோ இழுத்துட்டுப் போறாங்க.”

கால் அசைய வேண்டும். இன்னொரு படம் வரைந்தாள். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால் எறும்பு நொண்டியது. நான்கு படம் வேண்டும் என்று தெரிந்தது. ஒவ்வொன்றிலும் கால்கள் வேறு வேறு இடத்தில். ஒரு தட்டுக்கு ஒரு படம், நான்கு முடிந்ததும் மறுபடி ஒன்று. எறும்பு நடந்தது. மூன்றாவது படத்தில் அவள் ஒரு காலை வரைய மறந்திருந்தாள். அதனால் நாலடிக்கு ஒருமுறை எறும்பு சேற்றில் மிதித்ததுபோல ஒரு காலைத் தூக்கிக்கொண்டது. அதை மாற்ற வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள்.

பிறகு மினுக்கல். ஒவ்வொரு அடிக்கும் படம் அழிந்து அழிந்து வந்தது. பார்ப்பவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். பின்னால் மறைவாக முழுப் படத்தையும் வரைந்து முடித்துவிட்டு அப்புறம் முன்னால் காட்டச் சொல்ல வேண்டும், ஒரே வரிதான் என்றாள் தங்கை. விளக்கப் போனாள். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. லிஃப்ட் மாடிக்கு வந்து சரியாக நின்ற பிறகுதான் கதவு திறக்க வேண்டும். அதுதானே.

எறும்பின் முதுகில் ஒரு சர்க்கரைத் துகளை வைத்தான். துகள் வெள்ளையாக இருக்கும். எப்போதாவது ஒரு கணம் சிவப்பாகும். அப்போது மகள் கீபோர்டில் ஒரு தட்டு தட்ட வேண்டும். கண் விலகினால் தவறிவிடும். எத்தனை பிடித்தாள் என்று மூலையில் ஓர் எண் ஏறும். சில நாளுக்கு ஒருமுறை துகளைச் சிறிதாக்கினான்.

ஃபார்மில் ஆறு கோடு போட்டான். ஆறு மாடி. எறும்பு கீழிருந்து கிளம்பும். ஒவ்வொரு மாடி நெருங்கும்போதும் வேகம் குறையும், ஒரு கணம் நிற்கும், குலுங்காமல் கிளம்பும். உச்சியில் திரும்பிக் கீழே வரும். தரைத்தளம் அதன் வீடு. வேகம் குறையும் அந்த இடத்தை எழுத அவனுக்கு மூன்று நாள் ஆனது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவள் சீப்பைக் கையில் வைத்தபடி நின்று பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். பெண்பார்க்க வந்தபோதுகூட உங்கள் முகம் இவ்வளவு பிரகாசமாக இல்லை என்றாள்.

ஒரு சிக்கல் இருந்தது. அரை மணி முடிந்ததும் மனைவி மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்துவாள். ஃபார்ம் மூடிக்கொள்ளும். எறும்பு அந்த நேரத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் இருக்கும். முதல் நாள் மகள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அழுதாள். மூன்றாம் நாள் பட்டையை எடுக்கவிடவில்லை. கேட்டால், எறும்பு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்றாள்.

அது வெறும் படம்டி என்றாள் மனைவி.

அவன் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் குரலைப் பதினாறு வருடமாகக் கேட்டு வருகிறவன் அவன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான். வந்துட்டேன், இங்கதான் இருக்கேன்.

மூடுகிற பெட்டியைக் கொஞ்சம் இரு என்று தடுக்க முடியுமா என்று தங்கையிடம் கேட்டான். முடியும் என்றாள். மூடுவதை ரத்து செய். எறும்பை வீட்டுக்கு அனுப்பு. போய்ச் சேர்ந்ததும் நீயே மூடு. அவன் வேலை செய்யும் லிஃப்டிலும் அப்படித்தான். கரண்ட் போனால் பேட்டரியில் மெதுவாகப் பக்கத்து மாடிக்கு வந்து, கதவைத் திறந்துவிட்டுத்தான் ஓயும்.

முதல் முயற்சியில் தடுப்பது மட்டும் வேலை செய்தது. எறும்பு வீட்டுக்குப் போன பிறகும் ஃபார்ம் மூட மறுத்தது. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறதே என்றாள் மனைவி. மறுநாள் சரி செய்தான்.

அதன்பின் மகள் தானே பெருக்கல் குறியை அழுத்தினாள். எறும்பு அவசரப்படாமல் ஒவ்வொரு மாடியிலும் நின்று இறங்கியது. தரைத்தளம் சேர்ந்தது. ஃபார்ம் மூடியது. அவள் பட்டையோடு முகத்தை அம்மாவிடம் நீட்டினாள். திருட்டுப் பார்வை நின்றுபோனது. காலையில் போன் வந்து அவன் எழுந்தபோது ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“போயிட்டு வா. மாட்டினவங்க பாவம்.”

நாலாவது வாரக் கடைசியில் டாக்டர் வரச்சொல்லியிருந்தார். மூன்று பேரும் போனார்கள். எழுத்துப் பலகையில் மகள் ஒரு வரி கூடுதலாகப் படித்தாள். டாக்டருக்குத் திருப்தி. பிறகு பென்சிலை எடுத்தார். மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார். இடது கண் வெண்ணெயில் விட்ட கத்திபோல வழுக்கிக்கொண்டு போனது. டாக்டர் புருவத்தை உயர்த்தினார். அவன் மனைவியைப் பார்த்தான்.

டாக்டர் பென்சிலைப் பக்கவாட்டில் கொண்டுபோனார். கண் நின்றது. தாவியது. நின்றது. மறுபடி தாவி, பென்சிலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. தலையும் கூடவே திரும்பியது.

டாக்டர் இன்னொருமுறை செய்து பார்த்தார். மேலும் கீழும் வெண்ணெய். இடமும் வலமும் கல்லும் முள்ளும். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை, வீட்டில் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். எறும்பைப் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தான். காட்டினான். டாக்டர் ஒருமுறை பார்த்தார். திரும்ப ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

“நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“லிஃப்ட் மெக்கானிக்.”

டாக்டர் தலையாட்டினார். சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்டார்.

“இந்த எறும்புக்கு இடது பக்கம் வலது பக்கம் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?”

அவன் வீடியோவைப் பார்த்தான். அப்போதுதான் அதைப் பார்ப்பதுபோல இருந்தது. இடது விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கும் ஓர் எண் உண்டு. பாடத்தில் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. இந்த எண்ணை முதல் நாள் எழுதி, எறும்பை நடுவில் நிறுத்தினான். அதன்பின் தொடவே இல்லை. தொட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இரண்டு வாரம் இருக்கிறது, பார்க்கலாம் என்றார் டாக்டர். கோப்பில் பென்சிலால் சொட்டு மருந்து என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். மகளால் அவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடியாது. ஆனாலும் அப்பாவைப் பார்த்தாள்.

குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கிணற்றுக்குள் எறும்பு ஓட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மனைவி பஸ்ஸில் சொன்னாள். தங்கை போனில் அதற்கு மேல் போனாள்.

“எறும்பு ஊரக் கல்லும் தேயும்பாங்க. உன் எறும்பு ஒரே கோட்டுல ஊர்ந்து கல்லைப் பள்ளமாக்கிடுச்சு.”

 அன்று மாலை கம்ப்யூட்டர் முன்னால் உட்காராமல் கைகட்டி நின்றான். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“குழந்தைக்கு வாக்குக் குடுத்தீங்கல்ல. உக்காருங்க.”

உட்கார்ந்தான்.

இரண்டாவது எண்ணைக் கூட்டினான். எறும்பு தலையை மேலே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தது. மகள் பார்த்தாள்.

“இது நண்டு.”

படத்தைத் திருப்ப ஒரு வரி இருந்தது. எழுதினான். எறும்பு போகும் திசையைப் பார்த்து நடந்தது. இனிமேல்தான் கடினமான வேலை. ஆறு மாடிக் கோடுகளையும் அழிக்க வேண்டும். பக்கவாட்டில் போகிற எறும்புக்கு மாடி எதற்கு. வேகம் குறைந்து நிற்கிற இடத்தையும் எடுக்க வேண்டும். கண் நிற்காமல் போவதல்லவா பயிற்சி. மூன்று நாள் எழுதியதை அழிக்க ஒரு நிமிடம் ஆனது. அதில் பாதி, விரலை அந்தப் பட்டனின்மேல் வைத்துக்கொண்டிருந்த நேரம்.

எறும்பின் வீடு இடது விளிம்புக்கு மாறியது. மகள் ஒரு கறுப்பு வளையும் அதற்கு ஒரு கதவும் வரைந்து கொடுத்தாள்.

முதல் நாள் இருபது சிவப்பில் ஆறைப் பிடித்தாள். இரண்டாம் நாள் ஐந்து. எறும்பு வேண்டுமென்றே செய்கிறது என்று சொல்லிக் கீபோர்டைத் தள்ளிவிட்டாள். அவன் டைமரின் தட்டைக் குறைத்துப் பார்த்தான். எறும்பு மெதுவானது, ஆனால் தத்தித் தத்திப் போனது. தட்டைப் பழையபடி ஆக்கி, அடியைப் பாதியாக்கினான். நாலு புள்ளிக்குப் பதில் இரண்டு. எறும்பு அமைதியாக, கோடு இழுத்ததுபோலப் போனது. அன்று ஒன்பது. மறுநாள் பதினொன்று. நடுவில் ஒரு நாள் ஏழு. அன்று யாரும் எண்ணைப் பற்றிப் பேசவில்லை. அம்மா சடையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பின்னிவிட்டாள்.

கடைசி நாள் பதினேழு. மூலையில் இருந்த எண்ணை மகள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ஆறாவது வாரம் முடிந்தது. அதே அறை. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் மகள். பின்னால் இரண்டு நாற்காலியில் அவர்கள். மகள் எழுத்துப் பலகையில் இன்னும் ஒரு வரி கீழே இறங்கினாள். அதில் ஓர் எழுத்தைத் தவறாகச் சொல்லிவிட்டுத் தானே திருத்தினாள். டாக்டர் பென்சிலை எடுத்தார்.

மேலே, கீழே. பிறகு நடுவிலிருந்து வலது பக்கம்.

கண் கூடவே போனது. ஓரிடத்தில் தயங்கியது, பிடித்துக்கொண்டது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்த அவன் விரல்களை மனைவி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். டாக்டர் வலது ஓரத்தில் பென்சிலை நிறுத்தினார். ம் என்றார். எழுதுவதற்காகக் கையைத் தாழ்த்தினார்.

“அது இன்னும் வீட்டுக்குப் போகல,” என்றாள் மகள்.

டாக்டரின் கை பாதியில் நின்றது. அவர் அவனைப் பார்த்தார்.

“நடுவுல விட்டா உள்ள மாட்டிக்கும், டாக்டர்,” என்றான். 

மேசையின் இடது ஓரத்தில் பென்சில்கள் போட்ட குவளை ஒன்று இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். பென்சிலை மறுபடி மகளின் கண்மட்டத்துக்கு உயர்த்தினார். வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு, மேசையின் முழு நீளத்துக்கும், மிக மெதுவாகக் கொண்டுபோனார். வெளியே காத்திருக்கிறவர்களைப் பற்றி அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. இடது கண் பென்சிலோடு போனது. நிற்கவில்லை. தாவவில்லை. தலை அசையவில்லை.

பென்சில் குவளைக்குள் இறங்கியது.

மகள் பட்டையோடு முகத்தை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கைப்பையைத் திறந்து ஈரப் பஞ்சை எடுத்தாள்.

டாக்டர் கோப்பைத் திறந்தார். குவளையில் கைவைத்தவர், அந்தப் பென்சிலை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்து, சொட்டு மருந்து என்ற வரியை அடித்துவிட்டார்.